இமைக்கிற நொடியில் மூளை என்ன செய்கிறது?

திருச்சி காட்டூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மொட்டை மாடியை ஒட்டிய சின்ன அறையைக் காலி செய்து, ஒரு மேஜை, வாட்டர்கலர் டப்பா, பழைய லேப்டாப் என்று ஓவிய அறையாக மாற்றிக்கொண்டாராம். பிடித்த படம் ஒன்றை மறுபடியும் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் கை தானாக ஓடுகிறது. பார்க்காத நாளில் தாள் வெறுமனே கிடக்கிறது. இது மனப்பிரமையா, இதில் ஏதாவது அறிவியல் இருக்கிறதா? கூடவே இன்னொரு கேள்வி: சுவருக்கு நீலப் பெயின்ட் அடித்தால் கற்பனை கூடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்களே, அடிக்கலாமா?

பெயின்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 2009-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர், சிவப்பு நிறம் கவனத்தையும் நீல நிறம் படைப்பாற்றலையும் கூட்டுகிறது என்று ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். உலகம் முழுக்கச் செய்தியானது. ஆனால் அந்தச் சோதனைகளில் யாரும் சுவருக்கு வண்ணம் அடிக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையின் பின்னணி நிறத்தைத்தான் மாற்றினார்கள். எழுத்துகளைக் கலைத்துப்போட்டுச் சொல்லைக் கண்டுபிடிக்கச் சொன்ன பகுதியைப் பிறகு திரும்பச் செய்து பார்த்தபோது, நிறத்தால் வந்ததாகச் சொன்ன வித்தியாசம் கிடைக்கவில்லை. வீடியோக்களில் மட்டும் நீலம் இன்னும் வெளுக்கவில்லை. வாசகிக்கு நீலம் பிடிக்குமென்றால் அடிக்கலாம். கற்பனைக்காக அடிக்கவேண்டிய அவசியம் இல்லை.

“ஒரே இடத்தில் உட்கார்ந்தால் நினைவு கிளறும்” என்ற வாதத்துக்கும் இதே கதிதான். 1975-ல் ஸ்காட்லாந்துக் கடலில் முக்குளிப்பவர்களைச் சொற்பட்டியல் மனப்பாடம் செய்யவைத்தார்கள் காடனும் பேட்லியும். தண்ணீருக்கடியில் படித்தது தண்ணீருக்கடியிலேயே நன்றாக நினைவுக்கு வந்தது, கரையில் படித்தது கரையில். பாடப்புத்தகம் தவறாமல் இடம்பெற்ற சோதனை அது. 2021-ல் அதைத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்த விளைவு தென்படவில்லை. ஆகவே அறைக்கென்று தனி மந்திர சக்தி இருப்பதாக எழுத மனம் வரவில்லை. அறைக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் படத்துக்குள் போகவேண்டும்.

யூரி ஹாசன் என்ற இஸ்ரேலிய ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2004-ல் ஐந்து பேரை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி’ படத்தை அரைமணி நேரம் காட்டினார்கள். எங்கே பார், எதைக் கவனி என்று எந்தக் கட்டளையும் இல்லை. ஆனாலும் ஐந்து பேரின் மூளைப் புறணியிலும் பல பகுதிகள் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. பின்னர் ஹிட்ச்காக் இயக்கிய ஒரு தொலைக்காட்சிப் படத்தைக் காட்டியபோது, புறணியின் சுமார் 65 சதவீதம் பார்வையாளர்களுக்கிடையே ஒத்துப்போனது. நியூயார்க் பூங்கா ஒன்றில் கேமராவைச் சும்மா நிறுத்தி எடுத்த காட்சிக்கு அந்த ஒற்றுமை 5 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. கெட்டிக்கார இயக்குநர் தியேட்டரில் உட்கார்ந்த அத்தனை தலைகளையும் ஒரே திசையில் திருப்புகிறார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இங்கேதான் சிக்கல். எல்லார் மூளையும் ஒன்றாக ஓடுகிறதென்றால், படம் முடிந்து அந்தக் காட்டூர் அறையில் விழும் ஓவியம் மட்டும் எப்படி அவருடையதாக ஆகிறது? அதே படத்தைப் பார்த்த திருவெறும்பூர்க்காரர் வரைந்தால் அது ஏன் வேறாக இருக்கிறது?

பதில், படத்தில் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இணைப்புகளில் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதவைத்த விஷயமே அதுதான்.

சாதாரணமாக ஒருவர் நிமிடத்துக்கு 15 முதல் 20 தடவை இமைக்கிறார். கண் உலராமல் இருக்க இவ்வளவு தேவையில்லை. ஒரு இமைப்புக்குச் சுமார் 0.3 நொடி என்று வைத்துக்கொண்டால், இரண்டரை மணி நேரப் படத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் கண்ணை மூடியே இருந்திருக்கிறோம். டிக்கெட்டுக்குக் கொடுத்த காசில் அந்த அளவுக்குப் பார்க்காமலே வந்திருக்கிறோம். இருந்தும் எதையும் தவறவிட்ட உணர்வு இல்லை. ஏன்?

ஜப்பானின் தமாமி நகானோ 2009-ல் ‘மிஸ்டர் பீன்’ துண்டுகளைக் காட்டி, பார்ப்பவர்களின் இமைகளைப் பதிவு செய்தார். தனித்தனியாகப் பார்த்தவர்கள் ஒரே இடங்களில் சேர்ந்து இமைத்தார்கள். ஒரு செயல் முடிகிற இடத்தில், நாயகன் திரையில் இல்லாத இடத்தில், ஏற்கெனவே பார்த்தது திரும்ப வருகிற இடத்தில். கதையில்லாத இயற்கைக் காட்சிகளைக் காட்டியபோது இந்த ஒற்றுமை இல்லை. ஒலியாக மட்டும் கதை கேட்டபோதும் இல்லை. கதை ஓடும் திரைக்கு முன்னால், எங்கே கண்ணை மூடினால் நஷ்டமில்லை என்று மூளை நமக்குத் தெரியாமலே தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. 2013-ல் அதே நகானோவின் குழு ஸ்கேனருக்குள் பார்த்தது: ஒவ்வொரு இமைப்பின்போதும், வெளியே கவனிக்கும் வலைப்பின்னல் சற்றுத் தணிகிறது, ‘டீஃபால்ட் மோட்’ என்று அழைக்கப்படும், நாம் நம் பழைய நினைவுகளிலும் நினைப்புகளிலும் ஆழும்போது விழிக்கிற வலைப்பின்னல் ஒரு கணம் தலை தூக்குகிறது. கண் மூடியதால் வந்த இருட்டுதான் காரணமோ என்று சந்தேகம் வருமல்லவா? அதற்காகவே, இமைப்பு அளவுக்குத் திரையையே கறுப்பாக்கிப் பார்த்தார்கள். அப்போது அந்த மாற்றம் வரவில்லை. இருட்டு காரணமில்லை, இமைப்பது என்ற செயலே மூளை வெளியிலிருந்து உள்ளே ஒரு எட்டு வைத்துத் திரும்புகிற தருணமாக இருக்கிறது. படம் பார்க்கும்போது நாம் நிமிடத்துக்குப் பதினைந்து தடவை நம் வீட்டுக்குள் போய்வருகிறோம்!

ஒரு எச்சரிக்கை. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் சிறு குழு. இமைத்தால் கற்பனை பெருகும் என்று அது சொல்லவில்லை. நாளை யாராவது ‘இமைப்புப் பயிற்சி’ என்று கட்டணம் கேட்டால் கொடுக்கவேண்டாம்.

இமைப்பு சின்ன இணைப்பு. காட்சி முடிவது பெரிய இணைப்பு. அங்கே வேலை செய்வது ஹிப்போகாம்பஸ், நினைவைப் பதியவைக்கும் பகுதி. 2011-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தின் ஆயா பென்-யாகோவும் யாதின் துதாயும் குட்டிப் படத்துண்டுகளைக் காட்டியபோது, ஹிப்போகாம்பஸ் துண்டு ஓடும்போது துள்ளியதைவிட, முடிந்த கையோடு துள்ளியது. அந்தத் துள்ளல் பலமாக இருந்த துண்டுகள்தான் பிற்பாடு நினைவில் நின்றன. 2018-ல் 200-க்கும் மேற்பட்டவர்கள் பார்த்த ஹிட்ச்காக் படத்திலும், வேறொரு குழு பார்த்த ‘ஃபாரஸ்ட் கம்ப்’ படத்திலும் இதே கதை: “இங்கே ஒரு நிகழ்வு முடிந்தது” என்று சாதாரணப் பார்வையாளர்கள் குறித்த இடங்களில் ஹிப்போகாம்பஸ் எழும்பியது. அதிகம் பேர் ஒப்புக்கொண்ட இடத்தில் அதிகமாக எழும்பியது.

மழை மூட்டம் தெரிந்ததும் மாடிக் கொடியிலிருந்து துணி எடுப்பதை நினைத்துக்கொள்ளலாம். எடுக்க எடுக்க ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுக்கொள்கிறோம். தோள் கொள்ளாத நேரத்தில் உள்ளே வந்து கட்டிலில் போட்டு மடிக்கிறோம். காட்சி ஓடுகிறவரை மூளை தோளில் போட்டுக்கொண்டே போகிறது. முடிந்த இடத்தில் மடிக்கிறது. மடிக்க நேரம் கொடுக்காமல் அடுத்த கொடிக்கு ஓடினால் பாதி படியிலேயே விழும். மடிப்பவர் அவசரத்தில் இருப்பதால், பாட்டியின் சுங்குடிச் சேலைக்குள் பேரனின் பனியன் சேர்ந்து மடிந்துவிடும். அலமாரியில் ஏற்கெனவே இருந்த துணிகளின் அந்துருண்டை வாசனை புதுத் துணிக்கும் ஏறும். ஆறு மாதம் கழித்துச் சேலையை எடுத்து உதறினால் பனியனும் விழும், மடிப்புக் கோடும் தெரியும், அந்துருண்டையும் மணக்கும். துணி எல்லார் வீட்டிலும் ஒரே கடையில் வாங்கியதாக இருக்கலாம். அலமாரி அவரவருடையது. திருவெறும்பூர்க்காரரின் ஓவியம் வேறாக இருப்பதற்கு இவ்வளவுதான் காரணம்.

இந்த அலமாரியிலிருந்துதான் புதியதும் வருகிறது என்பதற்குத் வலுவான ஒரு சான்று உண்டு. ஹிப்போகாம்பஸ் பழுதான ஐந்து பேரிடம் 2007-ல் லண்டனில் டெமிஸ் ஹசாபிஸும் எலனார் மக்வயரும் ஒரு வேலை கொடுத்தார்கள்: ஓர் அழகான வெப்பமண்டலக் கடற்கரையில் வெள்ளை மணலில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து, சுற்றிலும் என்ன தெரிகிறது என்று சொல்லவேண்டும். ஐந்தில் நான்கு பேருக்குக் காட்சி கூடிவரவில்லை. வானம், மணல் என்று உதிரியாகச் சொன்னார்கள். ஓர் இடமாக அது சேரவில்லை. பழையதை நினைவுகூர முடியாதவர்களுக்குப் புதியதைக் கற்பனை செய்வதும் கடினமாக இருந்தது. ‘சுயம்புவான கற்பனை’ என்று மேடைகளில் பேசப்படுவதை நம்புமுன் இந்த ஆய்வை நினைத்துக்கொள்வது நல்லது. (அதே ஹசாபிஸ்தான் பின்னர் ‘டீப்மைண்ட்’ நிறுவனத்தைத் தொடங்கி, 2024-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.)

வரலாறு இல்லாமல் திருச்சியில் சினிமா பேச விடமாட்டார்கள். சுருக்கமாக: சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த சிறுவன் கணேசன், பின்னாளைய சிவாஜி, கட்டபொம்மன் கூத்து ஒன்றைப் பார்த்துவிட்டு நடிகனாவது என்று முடிவு செய்ததும், 1959-ல் அதே கட்டபொம்மனாகத் திரையில் நின்றதும் ஊரறிந்த கதை. இடையில் கால் நூற்றாண்டு. அந்தக் கூத்தை அந்தச் சிறுவனின் ஹிப்போகாம்பஸ் எத்தனை தடவை பிரித்துத் திரும்ப மடித்திருக்கும் என்பதுதான் நமக்கு ருசியான கேள்வி.

ஓவியர்கள் பக்கம் வந்தால் வாசகிக்குப் பொருத்தமான துணை கிடைக்கிறது. அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1913 முதல் 1967-ல் இறக்கும்வரை நியூயார்க்கில் ஒரே வீட்டில் குடியிருந்து அங்கே வரைந்தார். கை வராத காலங்களில் நாள்கணக்கில் சினிமாவுக்குப் போவது அவர் வழக்கம். 1939-ல் அவர் வரைந்த ‘நியூயார்க் மூவி’யில் திரை ஓரத்தில் துளியாகத்தான் தெரிகிறது, படம் பார்க்காமல் சுவரோரம் நின்று யோசிக்கும் பணிப்பெண்தான் ஓவியமே. ஹிட்ச்காக் தன் பங்குக்கு ஹாப்பரின் 1925-ம் ஆண்டு ஓவியத்திலிருந்த வீட்டைப் பார்த்து ‘சைக்கோ’ படத்தின் வீட்டை எழுப்பினார். நம் எம்.எஃப். ஹுசைன் பம்பாயில் சினிமா பேனர் வரைந்து வாழ்க்கையைத் தொடங்கியவர். வயது எண்பதை நெருங்கும்போது ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, மாதுரி தீட்சித்தை வைத்து ஓவிய வரிசையே போட்டார். ஹாப்பருக்கு நிலையான அறை. ஹுசைன் கிடைத்த இடத்தில் தரையில் துணியை விரித்து வரைந்தவர். இருவருக்கும் பொதுவாக இருந்தது அறை இல்லை.

சத்யஜித் ராய் இன்னும் நெருக்கமான உதாரணம். 1950-ல் லண்டனில் இருந்த சில மாதங்களில் கிட்டத்தட்ட நூறு படங்கள் பார்த்தார். ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ அவரை உலுக்கியது. ஆனால் ‘பதேர் பாஞ்சாலி’க்காக அவர் நோட்டில் தீட்டிய காட்சிகளில் அந்தப் படத்தின் ரோம் நகரத் தெரு ஒன்றுகூடக் கிடையாது. வங்காளக் கிராமம்தான். அந்த நாவலின் சிறுவர் பதிப்புக்கு அவர் சில ஆண்டுகளுக்கு முன் வரைந்திருந்த படங்கள் ஏற்கெனவே அவர் அலமாரியில் இருந்தன.

இனி அறை. எடின்பரோவில் மிக்கேலா டூவரும் சகாக்களும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், வயதானவர்களுக்கு ஒரு கதை சொல்லிவிட்டு, பத்து நிமிடம் மங்கிய அறையில் சும்மா இருக்கவிட்டார்கள். வேறொரு கதை சொன்னபின் அதே பத்து நிமிடமும் திரையில் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கும் மாதிரியான விளையாட்டைக் கொடுத்தார்கள். ஏழு நாள் கழித்துக் கேட்டபோதும், சும்மா இருந்த பிறகான கதைதான் கூடுதலாக நினைவில் இருந்தது. காட்டூர் அறையின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. தஞ்சாவூர் ரோட்டு ஏர்ஹாரன் சத்தம் எட்டாத, அடுப்பில் குக்கர் கூப்பிடாத, படம் முடிந்த மறுநொடி கைக்கு எதுவும் வந்து சேராத பத்து நிமிடத்தை அது தருகிறது. தாளும் தூரிகையும் எடுத்து வைத்தபடியே இருப்பதால், மடிப்பு கலைவதற்குள் உட்கார்ந்துவிட முடிகிறது. கூடத்தின் மூலையில் ஒரு பாய் இதைத் தருமென்றால் கூடம் போதும்.

செல்போனும் ஓடிடி தளங்களும் இந்தப் பத்து நிமிடத்தைத்தான் குறிவைக்கின்றன என்பது கவலை தருகிறது. முடிவில் பெயர்கள் ஓடத் தொடங்குமுன் அடுத்த பகுதி தானாகத் தொடங்குகிறது. அதை நிறுத்தும் வசதி பெரும்பாலான செயலிகளின் செட்டிங்ஸில் இருக்கிறது. வாசகி முதலில் அதைத் தேடலாம். பிறகு ஒரு காட்சி முடியும் இடத்தில் லேப்டாப்பை மூடிவிட்டு, படத்தை நிறுத்திப் பார்த்து நகல் எடுக்காமல், நினைவிலிருந்து மட்டும் வரைந்து பார்க்கட்டும். வரைந்து முடித்தபின் அதே காட்சியை ஓடவிட்டு ஒப்பிடலாம். சன்னல் இடம் மாறியிருக்கும், சேலையின் நிறம் வேறாகியிருக்கும், படத்திலேயே இல்லாத ஒரு திண்ணை வந்திருக்கும். அவற்றைத் திருத்தாமல் அடுத்த தாளில் அந்தத் திண்ணையை மட்டும் பெரிதாக வரையலாம்.