கண் கண்டதும் மனம் கண்டதும்

சில வருடங்களுக்கு முன்னர், வாவிக்கரைக் கிராமம் ஒன்றில் பெண்கள் குழுவினருடன் ஓவிய நிகழ்வொன்றை நடத்தினோம். "வாவியைக் கீறுங்கள்" என்பதே தலைப்பு. ஒரு சகோதரி வெளிர் நீலத்தையும் மஞ்சளையும் சிறுசிறு தீற்றல்களாக இட்டிருந்தார். நடுவில் ஒரு தோணி மங்கலாகத் தெரிந்தது. விடியற்காலையில் பார்த்த வெளிச்சம் அது என்றார்.

பக்கத்தில் இருந்தவரோ வாவியைக் கறுப்பாகவும் வானத்தைச் சிவப்பாகவும் தீட்டியிருந்தார். கரையில் நின்ற பெண்ணுக்கு வாய் மட்டும் மிகப் பெரிதாக இருந்தது. "எங்கட வாவி எப்ப புள்ள கறுப்பா இருந்த?" என்று யாரோ சிரித்தார்கள். "எனக்குக் கீறத் தெரியாது" என்று அவர் கடதாசியை மடித்துவிட்டார்.

"இல்லை, நல்லா இருக்கு" என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. சமூகவியல் படித்த எனக்கு ஓவியத்தைப் பற்றிப் பேசச் சொற்கள் தெரிந்திருக்கவில்லை. பின்னர் தேடி அறிந்த இரண்டு சொற்களை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலாவது, மனப்பதிவுவாதம். இம்பிரஷனிசம் என்பதும் இதுவே. ஒரு கணத்தில் கண்ணில் விழும் ஒளியையும் நிறத்தையும் அவை மறையுமுன் பிடித்து வைப்பது இதன் நோக்கம். 1874இல் பாரிஸ் நகரில் இவ்வகை ஓவியர்கள் தமது முதலாவது கண்காட்சியை நடத்தினர். துறைமுகம் ஒன்றின் காலைப்பொழுதைக் குளோட் மொனே தீட்டியிருந்தார். அவ்வோவியத்தின் பெயரை வைத்து ஒரு விமர்சகர் செய்த கேலியே பின்னர் அவர்களுக்குப் பெயராயிற்று. அக்கண்காட்சியில் பங்குபற்றிய ஒரே பெண் ஓவியர் பேர்த் மொறிசோ. தொட்டிலில் உறங்கும் குழந்தையைப் பார்த்திருக்கும் தாயை அவர் வரைந்திருந்தார்.

இரண்டாவது, வெளிப்பாட்டுவாதம், அதாவது எக்ஸ்பிரஷனிசம். இது கண் கண்டதை அல்ல, மனம் பட்டதை வரைவது. வலி பெரிதென்றால் வாயும் பெரிதாகும். பயம் வந்தால் கோடு வளையும், நிறம் மாறும். இது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் வலுப்பெற்றது. இவ்வகையோடு சேர்த்துப் பேசப்படுபவர் கேத்தே கொல்விற்ஸ் என்ற பெண் கலைஞர். அவரது இளைய மகன் பீற்றர் 1914 ஒக்ரோபரில், 18 வயதில், முதலாம் உலகப் போரில் கொல்லப்பட்டான். அதன் பின்னர் தாய்மாரையும் விதவைகளையும் கறுப்பு வெள்ளை மரச்செதுக்கு அச்சுகளாக அவர் ஆக்கினார். மகனை நினைத்துத் துயருறும் பெற்றோரின் சிலைகளைச் செய்து முடிக்க அவருக்குப் பல வருடங்கள் பிடித்தன. 1932இல் அவை பெல்ஜியத்தில் மகன் புதைக்கப்பட்ட மயானத்தில் வைக்கப்பட்டன.

கலை துயரைத் தாங்கும் என்பது எமது மண்ணுக்கும் புதிதல்ல. 1996இல் மட்டக்களப்பில் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், போரினால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் ஒன்றாக இருந்து படம் கீறினார்கள், கதை சொன்னார்கள்.

என்னைப் போன்ற பணியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. கறுப்பைக் கண்டவுடன் "இவருக்கு மனநோய்" என்று முடிவு கட்டக்கூடாது. ஓவியம் வைத்தியச் சான்றிதழ் அல்ல. "இந்த நிறத்தை ஏன் எடுத்தீங்க?" என்று கேட்கலாம். பதில் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் கீறியவரின் உரிமை.

அடுத்த முறை சென்றபோது, அந்தச் சகோதரியிடம் கொல்விற்ஸின் கதையைச் சொன்னேன். "அந்தத் தாய்க்கு மகன்ட குழியாவது இருந்திருக்கு" என்றார். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர் மடித்து வைத்திருந்த கடதாசியை எடுத்து வந்து எல்லோர் முன்னும் விரித்தார். "என்ட புள்ளயக் கூட்டிப் போன அண்டைக்கு வாவி இப்படித்தான் இருந்த" என்றார்.

அன்று யாரும் சிரிக்கவில்லை. "கீறத் தெரியாது" என்று அவரும் சொல்லவில்லை.

சகோதரிகளே, நீங்கள் கண்டதையும் கீறலாம், உங்கள் மனம் பட்டதையும் கீறலாம். இரண்டுக்கும் பெயர் உண்டு. இரண்டும் பிழையல்ல.