எடுத்த படத்தை யாரிடம் காட்டுவது?

படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்குச் செட்டிநாடு ஒரு பெரிய வாய்ப்பு. காரைக்குடியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கண்ணுக்கு வேலை இருக்கிறது. கானாடுகாத்தானின் நீண்ட வீதிகள், பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, கண்டாங்கிச் சேலை நெய்யும் தறி, தை மாதத்துச் சிராவயல் மஞ்சுவிரட்டு. மொபைல் வைத்திருக்கும் பள்ளிப் பிள்ளைக்குக்கூட ஒரே நாளில் நூறு படம் கிடைத்துவிடும். ஆனால் நூறு படம் எடுத்தவர் ஆயிரம் எடுத்த பிறகும் அதே இடத்தில் நிற்பதுண்டு. அவர் காட்டிய படங்களுக்கெல்லாம் கிடைத்த பதில் ‘நல்லா இருக்கு’ என்பது மட்டும்தான் என்றால் அப்படித்தான் ஆகும்.

எடுக்கும்போது திறமை பாதிதான் வளர்கிறது. எடுத்ததைத் தகுந்தவரிடம் காட்டி, தெளிவாகக் கேட்டு, கிடைத்த பதிலோடு அதே இடத்துக்குத் திரும்பிப் போகும்போதுதான் மீதிப் பாதி வளர்கிறது. அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

கோட்டையூர்க்காரர் ஒருவர்

காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் 1911இல் பிறந்தவர் ஏ.கே. செட்டியார். இளம் வயதிலேயே ரங்கூனில் ‘தனவணிகன்’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். 1930களின் நடுவில் ஜப்பான் போய் டோக்கியோவில் புகைப்படக் கலை படித்தார். படித்தாயிற்று என்று நிறுத்தவில்லை. அங்கிருந்து அமெரிக்கா போய், நியூயார்க்கில் மறுபடியும் மாணவராக உட்கார்ந்து அதே கலையைப் படித்தார்.

பின்னர் காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காக நாடு நாடாக அலைந்து சுமார் 50,000 அடி படச்சுருள் சேர்த்தார். 1940இல் வெளியான படத்தின் நீளம் சுமார் 12,000 அடி. அந்தக் காலத்துச் சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அப்படியென்றால், ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடிய காட்சிகளிலிருந்து இரண்டேகால் மணி நேரத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார். நாடு நாடாகத் தேடிச் சேர்த்ததில் நான்கில் மூன்று பங்கை விலக்கிவைக்கும் துணிவு அவருக்கு இருந்தது.

தொடங்குகிறவர் இவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: தெரிந்த பிறகும் கற்றுக்கொள்ளப் போவது, எடுத்ததில் பெரும்பகுதியை விலக்கிவிடுவது. யாரிடமாவது கருத்துக் கேட்கப் போகும்போது நாற்பது படத்தை நீட்டாதீர்கள். மூன்றே மூன்றைக் கொண்டுபோங்கள். அந்த மூன்றைத் தேர்ந்தெடுக்க நீங்கள் படும் பாடே முதல் பாடம்.

‘நல்லா இருக்கு’ ஏன் போதாது

படம் எடுத்தவருக்கு அதில் இல்லாததும் தெரியும். பாட்டியை முற்றத்தில் உட்காரவைத்து எடுத்தீர்கள். அன்றைக்கு அவர் சொன்ன கதையும், அடுப்படியிலிருந்து வந்த பணியார வாசனையும் உங்கள் நினைவில் இருக்கின்றன. படத்தைப் பார்க்கும்போது அவையும் சேர்ந்து வருவதால் அது உங்களுக்கு நிறைவாகத் தெரிகிறது. மற்றவருக்குத் தெரிவது சட்டத்துக்குள் இருப்பது மட்டும்: பாதி வெட்டுப்பட்ட கை, பாட்டியின் தலைக்குப் பின்னால் முளைத்தது போல் நிற்கும் தூண், மூலையில் கிடக்கும் பிளாஸ்டிக் வாளி. உங்கள் நினைவைக் கழித்துவிட்டுப் படத்தைப் பார்க்க உங்களால் முடியாது, இன்னொருவரால் முடியும். அதற்காகத்தான் இன்னொருவர் வேண்டும்.

வீட்டார் அன்பால் ‘நல்லா இருக்கு’ என்பார்கள். அந்த ஊக்கம் வேண்டியதுதான். ஆனால் அடுத்த படத்தில் எதை மாற்றுவது என்று அதிலிருந்து தெரியாது.

மூன்று பேரிடம் காட்டுங்கள்

முதலில், படம் எடுக்கத் தெரிந்தவர். ஊரில் ஸ்டூடியோ வைத்திருப்பவரோ கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் அண்ணனோ போதும். மங்கலான மண்டபத்திலும் கண் கூசும் விளக்கிலும் தவறவே முடியாத நொடிகளை எடுத்துப் பழகியவர்கள் அவர்கள். ‘வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருதுன்னு பாத்தியா தம்பி?’ என்று அவர் கேட்கும் ஒரு கேள்வி பல நாள் தடுமாற்றத்தைத் தீர்த்துவிடும்.

அடுத்து, படத்தில் இருக்கும் பொருளை அறிந்தவர். ஆத்தங்குடியில் கல் செய்வதைப் படம் எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அடுக்கிவைத்த வண்ணக் கற்களை எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தப் படத்தை அங்கே வேலை செய்பவரிடமே காட்டிப் பாருங்கள். கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்து, அறை அறையாக வண்ணக் குழம்பை ஊற்றி, அச்சைக் கலையாமல் தூக்கி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு நிரப்பி, பிறகு நாள் கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கல்லுக்குப் பளபளப்பைத் தருவது அந்தக் கண்ணாடியின் வழவழப்பு. அவருடைய கைத்திறன் முழுவதும் வண்ணம் ஊற்றும் சில நொடிகளிலும், அச்சைத் தூக்கும் கணத்திலும் இருக்கிறது. எந்தக் கணத்தை எடுக்க வேண்டும் என்பதை எந்தக் கேமரா ஆசிரியரையும்விட அவரே சரியாகச் சொல்வார்.

மதுரையைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் எம். பழனி குமாரின் பணியும் இதையே காட்டுகிறது. மீன் விற்று வந்த தம் தாயையும், தாம் அருகிருந்து அறிந்த உழைக்கும் மக்களையும் அவர் படம் எடுத்தார். 2022இல் தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலில் பெற்றவர் அவரே. தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களைப் பலர் பார்க்கக் கண்காட்சியாகவும் வைத்திருக்கிறார். தன் தெருவை அறிந்த பிள்ளை, வெளியிலிருந்து வருபவருக்குத் தென்படாததை எடுக்கும்.

மூன்றாவது, இரண்டும் அறியாதவர். அவரிடம் படத்தை ஐந்து விநாடி காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ‘என்ன பாத்தீங்க?’ என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் தறியை எடுத்திருக்க, அவர் ‘சுவத்துல ஒரு காலண்டர்’ என்றால், பார்வையை எது இழுக்கிறது என்று தெரிந்துவிட்டது. காலண்டரை விட்டுவிட்டு எடுக்க ஓரடி நகர்ந்தால் போதும்.

கேள்வி தெளிவாக இருக்கட்டும்

‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்ற பதில்தான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

• உங்கள் கண் முதலில் எங்கே போனது? அடுத்து எங்கே போனது?
• எதை எடுத்துவிட்டால் இந்தப் படம் இன்னும் தெளிவாகும்?
• நான் இன்னும் கிட்டப் போயிருக்க வேண்டுமா, தள்ளி நின்றிருக்க வேண்டுமா?
• இந்த மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதென்றால் எது? ஏன்?

கேட்டபின் வாயைத் திறக்காதீர்கள். ‘அன்னிக்கு மழை வர்ற மாதிரி இருந்துச்சு, அதான்’ என்று விளக்கத் தொடங்கினால் எதிரே இருப்பவர் தயவு பார்த்து நிறுத்திக்கொள்வார். அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு நன்றி சொல்லுங்கள். பதில் சொல்லும் இடம் அடுத்த படம்.

சொல்வது விளைவு, தேட வேண்டியது காரணம்

காய்ச்சல் என்று வருபவருக்கு என்ன நோய் என்று மருத்துவர்தான் கண்டறிய வேண்டும். படத்திலும் அப்படியே. பார்ப்பவர் சொல்வது வெளியே தெரியும் குறையை. காரணத்தைப் பிடிப்பது உங்கள் வேலை. அடிக்கடி காதில் விழும் மூன்று குறைகளைப் பார்க்கலாம்.

‘படம் தெளிவா இல்லை.’ இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். பெரிதாக்கிப் பாருங்கள். தூண், தரை, முகம் எல்லாமே மங்கலாக இருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. இருண்ட அறையில் ஷட்டர் அதிக நேரம் திறந்திருப்பதால் இது நடக்கும். சுவரிலோ தூணிலோ சாய்ந்து நின்று, மூச்சை மெல்ல விட்டபடி எடுங்கள். சுற்றிலும் தெளிவாக இருந்து ஆள் மட்டும் மங்கலாக இருந்தால் அவர் அசைந்திருக்கிறார். அதற்கு ஷட்டர் வேகத்தைக் கூட்ட வேண்டும். மஞ்சுவிரட்டில் பாயும் காளைக்கு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு வேகம் தேவைப்படும். ஆள் மங்கலாக இருந்து பின்னாலுள்ள கதவு துல்லியமாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. திரையில் முகத்தைத் தொட்டுவிட்டு எடுங்கள். குறை ஒரே சொல்லில் வந்தாலும் மருந்து மூன்று விதம்.

‘சுவர் அழுக்கா தெரியுது.’ செட்டிநாட்டு வீட்டுச் சுவர் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசி இழைத்தது. நேரில் பளிங்காக மின்னும். படத்தில் அது சாம்பல் நிறமாக வந்தால் குற்றம் சுவரிலும் இல்லை, கேமராவிலும் இல்லை. எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. அதனால் வெள்ளைச் சுவரை இருட்டாக்கும். கருத்த தேக்குக் கதவை வெளிறச் செய்யும். வெள்ளை நிறைந்த காட்சிக்கு எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டுங்கள், கருமை நிறைந்ததற்குக் குறையுங்கள். மொபைலில் திரையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்தினால் போதும்.

‘தூண் எல்லாம் சாயுதே.’ கிட்ட நின்றுகொண்டு மொபைலை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் மேலே போகப்போக ஒன்றை நோக்கி ஒன்று சாயும். பின்னால் நகர்ந்து, மொபைலைத் தூணுக்கு இணையாக நேராகப் பிடியுங்கள். இடம் போதாதென்றால் ஒரு படி ஏறி நின்று எடுங்கள். திரையில் கிரிட் கோடுகளை வைத்துக்கொண்டால் சாய்வு உடனே தெரியும்.

தானே தனக்குக் காட்டிக்கொள்ள ஒரு வழி

பக்கத்தில் யாரும் இல்லாதபோது படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரஸ்ஸான் மற்றவர்களின் படங்களை இப்படிப் பார்த்ததாகச் சொல்வார்கள். அவர் இளமையில் ஓவியம் படித்தவர். தலைகீழாக்கினால் ‘இது பாட்டி, இது ஊஞ்சல்’ என்ற அடையாளம் பின்னுக்குப் போய், எங்கே கனம் கூடியிருக்கிறது, எங்கே வெறுமையாக இருக்கிறது என்பது முன்னுக்கு வரும். எடுத்த அன்றே தீர்ப்புச் சொல்லாமல் ஒரு வாரம் விட்டுப் பார்ப்பதும் நல்லது. அதற்குள் அன்றைய நாளின் நினைவு கொஞ்சம் கலைந்திருக்கும்.

எதை ஏற்பது, எதை விடுவது

எல்லாக் கருத்தும் ஒரே எடை உள்ளதல்ல. ஒருவர் கறுப்பு வெள்ளையாக மாற்றச் சொல்வார், மற்றவர் வண்ணத்தைக் கூட்டச் சொல்வார். இவை அவரவர் ரசனை. கேட்டுக்கொள்ளுங்கள், முடிவு உங்களுடையது. ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத மூன்று பேரும் படத்தில் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே உண்மையில் ஏதோ இருக்கிறது. அவர்கள் சொல்லும் தீர்வு தவறாக இருக்கலாம், காட்டும் இடம் பெரும்பாலும் தவறாது. படத்தை விட்டுவிட்டு உங்களைப் பற்றிப் பேசுகிறவரின் சொல்லை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

படத்தில் இருக்கும் மனிதரின் கருத்து எல்லாவற்றுக்கும் மேலானது. எடுப்பதற்கு முன் கேளுங்கள், எடுத்தபின் காட்டுங்கள். ‘இது வேணாம்ப்பா’ என்று ஓர் ஆச்சி சொன்னால் அந்தப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அழித்துவிடுங்கள். பிடித்திருக்கிறது என்றால் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளுக்குள் போகவும் உரியவரிடம் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும்.

சேர்ந்து பாருங்கள், திரும்பிப் போங்கள்

படங்களைக் கூடி உட்கார்ந்து பார்க்கும் வழக்கம் நம் பக்கத்தில் பழையது. 1850களிலேயே, ஓவியப் பள்ளியை நிறுவிய அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியில் சென்னையில் புகைப்படச் சங்கம் தொடங்கி, உறுப்பினர்களின் படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். உங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. நண்பர்கள் நான்கைந்து பேர் மாதம் ஒருமுறை, ஆளுக்கு மூன்று பிரிண்டோடு கூடுங்கள். மேசையில் பரப்பிவைத்த காகிதப் படத்தில் கண் நிதானமாக நிற்கும். விரலால் தள்ளிப் பார்க்கும் திரையில் நிற்காது. மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எடுத்தவர் பேசக் கூடாது என்பதை மட்டும் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அதே இடத்துக்குத் திரும்பிப் போங்கள். புது ஊர், புது லென்ஸ் என்று தேடுவதைவிட இதில் பலன் அதிகம். ஒரே வீட்டு முற்றத்தை அதிகாலையில் ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை, மழை மூட்டத்தில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உச்சியில் முற்றம் வெளிறிப்போய், தாழ்வாரம் இருட்டில் மூழ்கும். மூட்டத்தில் இரண்டுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு குறைந்து, தரையின் பூவேலை தெளிவாக வரும். இடம் மாறாமல் இருந்தால்தான், நீங்கள் மாற்றிய ஒன்று படத்தை எப்படி மாற்றியது என்று கண்ணால் பார்க்க முடியும்.

கிடைத்த கருத்துகளை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவாருங்கள். சில மாதம் கழித்துப் புரட்டினால் ஒன்று தெரியும்: முன்பு எல்லாரும் சொன்ன ‘தூண் சாயுது’ இப்போது யாரும் சொல்வதில்லை, புதிதாக வேறொன்றைச் சொல்கிறார்கள். பழைய குறை நின்று புதுக் குறை வந்திருக்கிறது என்றால் நீங்கள் வளர்ந்திருக்கிறீர்கள். இந்த வாரம் மூன்று படத்தைத் தேர்ந்தெடுங்கள், மூன்று பேரிடம் காட்டுங்கள், அவர்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் திருத்தி மறுபடி எடுங்கள்.