ஆபத்துக் காலத்தில் துவிச்சக்கர வண்டி

எரிபொருள் அற்றுப்போனால் ஓர் ஊர் எவ்வாறு நடமாடும் என்பதை யாழ்ப்பாணத்தார் அனுபவித்தே அறிந்தவர்கள். 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபின், பெற்றோலும் டீசலும் பற்றரிகளும் குடாநாட்டுக்குள் வருவது தடைப்பட்டு, மின்சாரமும் நின்றுபோயிற்று. மிஞ்சிய மோட்டார் வாகனங்கள் மண்ணெண்ணெயில் புகைகக்கி ஓடின. அந்த மண்ணெண்ணெயும் ஏழைக்கு எட்டாத விலையில் விற்றது. ஆசிரியரும் வைத்தியரும் மீன் வியாபாரியும் பேதமின்றி நம்பியது துவிச்சக்கர வண்டி ஒன்றையே.

விறகுக்கட்டையும் நெல்மூட்டையையும் நோயாளியையும் அது சுமந்தது. கிளாலிக் கடனீரேரியைப் படகிலேறிக் கடந்து வன்னிக்கும் போய்வந்தது. 1995 அக்டோபர் 30ஆம் திகதி இரவில் வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டபோது, நாவற்குழிப் பாதையில் ஏறி ஓட்ட இடமில்லாத நெருக்கத்திலும், பாரிலே குழந்தையும் கரியரிலே பாத்திரம் பண்டங்களுமாக அதைத் தள்ளிக்கொண்டே போனார்கள்.

உலகச் செய்தி அறியவும் அதுவே சாதனமாயிற்று. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவின் தலை டயரிலே உராயும்படி சாய்த்துவிட்டு, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, சூழ இருந்தோர் பி.பி.சி. தமிழோசையைச் செவிமடுத்தனர். விளக்கெரிப்பதற்கென 6 வோல்ட், 3 வாட் அளவில் அமைந்த டைனமோ தருவது மாறுதிசை மின்னோட்டம். வானொலிக்கு ஏற்றவாறு அதை டயோடுகளால் நேராக்க வேண்டும். சுற்றும் கை தளர்ந்தால் குரலும் தேய்ந்துபோகும்.

இத்தனையும் சாத்தியமானதற்குக் காரணம், ஆபத்து வருமுன்னரே சைக்கிள் அங்கே அன்றாட வாழ்க்கையில் ஒன்றியிருந்தமைதான் என்பது என் திடமான எண்ணம். மேடுபள்ளமற்ற பூமி, சந்திக்குச் சந்தி திருத்தும் கடை, சிறுவயது முதலே பழகிய கால்கள். 2022ஆம் ஆண்டு இலங்கை முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, அதுவரை சைக்கிளை மறந்திருந்த பலர் கடைகளை நாடினர். வண்டியோ கிடைத்தற்கரிதாய், விலையும் உயர்ந்திருந்தது. பணம் கொடுத்து வாங்கியவர்க்கும் பழக்கம் உடனே கைவருமா? ஆதலால் சந்தைக்கும் வாசிகசாலைக்கும் இன்றே சைக்கிளில் போய்வருவோர், தம்மை அறியாமலே முன்னேற்பாடு செய்துகொள்கிறார்கள்.

ஓட்டும் பழக்கத்தோடு பழுதுபார்க்கும் ஆயத்தமும் வேண்டும். வீட்டிலே ஒரு பம்ப், ஒட்டுப்போடும் சொலுஷன், ரப்பர்த் துண்டுகள், வால்வுக்குரிய மெல்லிய ரப்பர்க்குழாய் ஆகியவை இருக்க வேண்டும்; அற்ப விலையுள்ள அந்தக் குழாய் வெடித்தாலே காற்று நில்லாது. ஓட்டையான ரியூப்பை நீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் கண்டு, ஈரம் துடைத்து, அரத்தாளால் உரைத்துச் சொலுஷன் பூசியபின், அது உலரும்வரை சில நிமிஷம் பொறுத்தே ஒட்டவேண்டும். அவசரப்பட்டு ஒட்டியது பாதி வழியில் பெயர்ந்துவிடும். விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளைக் கொண்டே இதைச் செய்விப்பது நலம்.