கிணறும் கரண்ட்டும்: கொங்கு நாட்டை உருவாக்கிய ரெண்டு விஷயங்கள்

கோயம்புத்தூரைப் பத்தி யார் பேசினாலும் ஒரு வரி வந்துடும்: "இங்க யாரும் யாரையும் எதிர்பார்க்க மாட்டாங்க, சொந்தமா உழைச்சு முன்னுக்கு வருவாங்க." இந்தக் குணம் எங்கிருந்து வந்துச்சு? ரத்தத்துலயே இருக்குன்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. மேப்பை எடுத்துப் பார்ப்போம்.

முதல்ல நிலம்

தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துடுது. கேரளா நனையும், நாம மழை மறைவுப் பகுதி. நடுவுல சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் திறந்திருக்கு. ஆனா அது வழியா நமக்கு அதிகமா வர்றது காத்துதான். உடுமலை, பல்லடம் பக்கம் இத்தனை காற்றாலை நிக்கிறதுக்குக் காரணமும் அதுதான்.

இதைத் தஞ்சாவூரோட ஒப்பிட்டுப் பாருங்க. அங்க ஆத்துத் தண்ணி வாய்க்கால் வழியா வரும், ஊரே பங்கு போட்டுக்கும். இங்க நொய்யல் கரையில குளங்கள் இருக்கு. ஆனா கரையை விட்டுத் தள்ளிப் போனா, பாறையை உடைச்சுக் கிணறு வெட்டணும். அவங்கவங்க தோட்டம், அவங்கவங்க கிணறு. அதனாலதான் நிறைய குடும்பங்கள் ஊருக்குள்ள வீடு கட்டாம, தோட்டத்துச் சாளையிலயே குடியிருந்தாங்க.

தண்ணியே இல்லாத இடத்துல? காங்கேயம் பக்கம் கொறங்காடு. கிளுவை வேலி போட்டு, உள்ள கொழுக்கட்டைப்புல் வளர விட்டு, மாடு மேய விடுவாங்க. காங்கேயம் காளை அந்த வறட்சியில வளர்ந்த இனம். நம்ம சாப்பாட்டுல கம்பும் கொள்ளும் இவ்வளவு இடம் பிடிச்சதும் மானாவாரி நிலத்தாலதான்.

அப்புறம் அரசியல்

கரிசல் மண்ணுல பருத்தி விளையும், அதனால மில் வந்துச்சுன்னு சொல்வாங்க. பாதி உண்மை. முதல் மில் 1888-லயே வந்துடுச்சு. ஆனா மில்லுங்க வரிசையா முளைச்சது, நீலகிரியில பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல ஓட ஆரம்பிச்ச பிறகுதான். அது அரசாங்கத் திட்டம். அந்தக் கரண்ட் மில்லுக்கும் போச்சு, தோட்டத்துக் கிணத்துக்கும் போச்சு. கிணத்துக்கு மோட்டார் வேணும், அதை ரிப்பேர் பண்ணப் பட்டறை வேணும், பட்டறைக்கு ஃபவுண்டரி வேணும். பம்ப்செட் நகரம் பிறந்தது இப்படித்தான்.

கரண்ட் பில் ஏறினா இங்க ஏன் தெரு கொந்தளிச்சதுன்னு இப்பப் புரியும். 1970-ல மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடின விவசாயிகள் மேல பெருமாநல்லூர்ல துப்பாக்கிச்சூடு. மூணு பேர் இறந்தாங்க. 1972-ல நாராயணசாமி நாயுடு தலைமையில கோவை நகரத்தையே மாட்டு வண்டிகள் அடைச்சு நின்னுச்சு. 1990 வாக்குல விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்ததுக்குப் பின்னாடி இந்தப் போராட்டங்கள் இருக்கு. கிணறு தனியாளோடது, ஆனா அதுல தண்ணி ஏறினது அரசியலால.

கதையில விட்டுப்போனவங்க

மோட்டாருக்கு முன்னாடி மாடு பூட்டிக் கவலை இறைச்சாங்க. அதுக்குத் தேவையான தோல் பையைத் தைச்சுக் கொடுத்தவங்க அருந்ததியர் மக்கள். தோட்டத்துல பண்ணையாளா வேலை பார்த்தவங்கள்லயும் நிறைய பேர் அவங்கதான். மோட்டார் வந்ததும் அந்தத் தோல் வேலை போயிடுச்சு. இலவச மின்சாரம் கிணறு வச்சிருக்கிறவருக்குத்தான். நிலம் இல்லாதவருக்கு அதுல என்ன கிடைச்சுது? மில்லுலயும் இப்படித்தான். சின்னியம்பாளையத்துத் தொழிலாளர்கள் நாலு பேரை 1946 ஜனவரி 8-ல கோவை சிறையில தூக்குல போட்டாங்க. "உழைச்சு முன்னுக்கு வந்தோம்"னு சொல்றப்ப இந்தப் பெயர்கள் அதுல வர்றதில்ல.

இப்ப என்ன?

அவங்கவங்க கிணறுன்னு ஓடின ஓட்டத்துல நிலத்தடி நீர் கீழ போயிடுச்சு. கிணறு போய் போர்வெல் வந்துச்சு, அதுவும் ஆயிரம் அடி தாண்டுது. திருப்பூர் சாயக் கழிவால நொய்யல் கெட்டு, 2011-ல உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற அளவுக்குப் போச்சு. கடைசியில 2024 ஆகஸ்ட்ல அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் திறந்தாங்க. பவானி ஆத்து உபரி நீரை ஆயிரத்துக்கும் மேல குளம் குட்டைகளுக்கு பம்ப் பண்ணிக் கொண்டு போற திட்டம்.

அதாவது, பல தலைமுறை தனித்தனியாத் தோண்டின ஊரு மறுபடியும் பொதுக் குளத்துக்கு வந்து நிக்குது. கிணத்துல தண்ணி எடுக்க ஒருத்தர் போதும். குளத்தைக் காப்பாத்த ஊரே சேரணும், இதுவரைக்கும் கணக்குல சேர்க்காதவங்களும் சேர்ந்து. அந்தப் பழக்கத்தைத்தான் இனிமே நாம கத்துக்கணுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.