கதிர் மட்டும் போதுமா?



மூக்கின் உட்புறம் முடிவுறும் இடத்தில், உள்நாக்குக்கு மேலே, மண்டையோட்டின் அடித்தளத்தை ஒட்டி ஒரு சிறு அறை உண்டு. அதனை நாசித்தொண்டை என்பர். அங்கே தோன்றும் புற்றுநோய் உலகின் பல பகுதிகளில் அரிது; தென் சீனத்தின் குவாங்டோங் மாகாணத்திலும் ஹாங்காங்கிலும் மிகுதி. எப்ஸ்டைன்-பார் என்னும் வைரஸ், இளமை முதல் உண்ணும் உப்பிட்ட மீன், பரம்பரை இயல்பு ஆகிய மூன்றும் இந்நோயுடன் தொடர்புடையவை.

அறுவைக் கத்தி எளிதிற் புகவியலாத இடம் அது. ஆயினும் இக்கட்டி கதிர்வீச்சுக்குக் கரையும் இயல்புடையது. ஆதலின் நெடுங்காலம் கதிரே தனித்து ஆண்டுவந்தது. ஆனால் கதிர், தான் படும் இடத்திலேயே வேலை செய்யும். நோயின் விதைகள் முன்னரே வேறு உறுப்புகளுக்குச் சென்றிருந்தால் அவற்றை அது தொடாது. குருதியிற் கலக்கும் மருந்தோ உடலெங்கும் செல்லும். கதிரின் ஆற்றலையும் கூர்மையாக்கும். அவ்வாறாயின், இரண்டையும் சேர்த்தால் என்ன?

இதனை எவ்வாறு ஆராய்வது? இரு கற்பிக்கும் முறைகளை ஒப்பிட விரும்பும் ஆசிரியர், கெட்டிக்கார மாணவரை எல்லாம் ஒரே வகுப்பில் சேர்த்துவிட்டால் ஒப்பீடு பொய்த்துவிடும். மருத்துவ ஆராய்ச்சியிலும் அவ்வாறே. எனவே நோயாளரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்குகின்றனர்.

முற்றிய நிலை நோயாளரிடம் அமெரிக்காவில் அவ்வாறு நடந்த ஆய்வு 1998இல் வெளிவந்தது. கதிர் மட்டும் பெற்றோரில் மூன்றாண்டு கடந்தும் உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 47 பேர். சிஸ்பிளாட்டின் முதலிய மருந்துகளும் பெற்றோரில் 78 பேர். ஆசிய நோயாளர்க்கும் இது பொருந்துமா என்ற ஐயம் எழுந்தது. சிங்கப்பூர் ஆய்வு 2005இல் விடை தந்தது: அங்கே 65 பேர், 80 பேர். பின்னர் 19 ஆய்வுகளைச் சேர்ந்த 4,806 நோயாளரின் விவரங்களை ஒருங்கே கணக்கிட்டு 2015இல் வெளியிட்டனர். ஐந்தாண்டு முடிவில், மருந்து சேர்ந்ததால் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு உயிர்கள் கூடுதலாக நிலைத்தன. முதல் ஆய்வு காட்டிய அளவு பெரிதன்று. எனினும் ஆறு உயிர் ஆறு குடும்பமன்றோ!

இந்நன்மை விலையின்றி வருவதன்று. கடும் வாந்தி, வாய்ப்புண், சிறுநீரகத் தளர்ச்சி, செவித்திறன் குறைவு ஆகியவை நேரலாம். ஆகவே மற்றொரு வினா பிறந்தது: எல்லோர்க்கும் மருந்து வேண்டுமா? குறைந்த அபாயமுடைய இடைநிலை நோயாளர் 341 பேரிடம் சீனத்தில் நடந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. கட்டியின் வடிவுக்கேற்பக் கதிரைச் செறிவூட்டும் நவீன முறை மட்டும் பெற்றோரில், மூன்றாண்டு நோய் மீளாது வாழ்ந்தோர் நூற்றுக்கு 90.5, மருந்தும் பெற்றோரில் 91.9. வேறுபாடு மிகச் சிறிது. கடுந்துன்பம் உற்றோரோ முன்னதில் 17, பின்னதில் 46.

ஆகவே, முற்றிய நோய்க்குக் கூட்டுச் சிகிச்சை உயிர் காக்கும். தொடக்க நிலைக்கும் அபாயங் குறைந்த இடைநிலைக்கும் கதிர் ஒன்றே போதியதாகலாம். "எது சிறந்தது?" என்று பொதுவிற் கேட்பதினும், "இந்நோயாளர் எந்நிலையில் உள்ளார்?" எனக் கேட்பதே முறை.

கழுத்தில் வலியற்ற கட்டி, ஒரு காது மட்டும் நீங்காது அடைத்தல், மூக்கிலிருந்து அடிக்கடி குருதி வடிதல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதியாது மருத்துவரை நாடுங்கள். காலத்தே கண்டறிந்த நோய்க்கு உயிர் பிழைக்கும் வாய்ப்பும் மிகுதி. உடல் பொறுக்கவேண்டிய துன்பமும் குறைவு.