நாட்டுத் துப்பாக்கியில் குறி தப்புவது ஏன்?

ஆவடி நரிக்குறவர் குடும்பங்களின் முந்தைய தலைமுறை, நாட்டுத் துப்பாக்கியுடன் காடை, கௌதாரி தேடி வயல்வெளிகளில் அலைந்தது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்த வேட்டைக்குத் தடை போட்டது. ஆனால், 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்காக இந்தத் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இன்றும் இடம் தருகிறது.

உரிமம் வைத்திருப்பவர்களுக்குக் குறி தப்ப முதல் காரணம், மருந்தைக் கண்ணளவில் கொட்டுவது. எப்போதும் ஒரே குப்பியால் அளக்க வேண்டும். கெட்டிக்கும் கோலில் அடையாளக் கோடு போட்டுக்கொண்டால், குண்டு மருந்தின்மேல் சரியாக உட்கார்ந்ததா எனத் தெரியும். நடுவில் இடைவெளி விழுந்தால் குழலே வெடிக்கலாம்.

அடுத்தது கசடு. கருமருந்தின் கரி படியப் படிய குண்டு இறுகும், போக்கு மாறும். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஈரத்துணியாலும் அடுத்து உலர்துணியாலும் குழலைத் துடைக்க வேண்டும். கரி ஈரத்தை இழுக்கும் என்பதால், அன்றே வெந்நீரில் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவாவிட்டால் துருவேறும்.

குறி எவ்வளவு தேறினாலும், காட்டுப்பன்றியை விவசாயியே சுட முடியாது. தமிழக அரசின் 2025 அறிவிப்புப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர்தான் சுடலாம். பன்றி வந்தால் முதலில் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.