பாலிடெக்னிக் படிப்பு: செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

அரையாண்டுத் தேர்வு முடிந்த நாள் முதல் எங்கள் வகுப்பில் ஒரே பேச்சுதான். மதிய உணவு வேளையில் வேப்பமரத்தடியில் டப்பாவைத் திறந்தாலும் அதே பேச்சு. “அடுத்து பிளஸ் டூவா, பாலிடெக்னிக்கா?” ஒருத்தி அக்காவைச் சொல்வாள், இன்னொருத்தி பக்கத்து வீட்டு அண்ணனைச் சொல்வாள். மணி அடிக்கும்வரை முடிவு கிடைக்காது. இதை ஒரு நாள் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் கணக்கு சிஸ்டர், “வாயால் பேசுவதை விட்டுவிட்டு நோட்டில் எழுதுங்கள். இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு” என்றார். அப்படி எழுதிய கணக்கே இக்கட்டுரை.

முதலில் படிப்பைப் பற்றிச் சிறிது. பாலிடெக்னிக் என்பது பத்தாம் வகுப்பு முடித்தவுடன் சேரக்கூடிய மூன்றாண்டு டிப்ளமோ படிப்பு, ஆறு செமஸ்டர்கள். நம் மாநிலத்தில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கீழ் நடக்கிறது. நுழைவுத் தேர்வு இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். ஐ.டி.ஐ.யில் கைத்தொழில் திறன் முதன்மை. பொறியியல் கல்லூரியில் கொள்கை முதன்மை. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் டிப்ளமோ படித்தவர். வரைபடத்தைப் படித்து, அளந்து, வேலையை மேற்பார்ப்பவர் அவர்தாம். இது நேற்று வந்த படிப்பும் அன்று. சென்னை தரமணியில் உள்ள மத்திய பாலிடெக்னிக் 1916-ல் மெட்ராஸ் டிரேட்ஸ் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கியது. பெண்களுக்கென்றே சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் அரசு பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன. “இயந்திரம் ஆண்பிள்ளைகள் வேலை” என்று இன்னும் சொல்லும் பெரியவர்கள் அங்கே ஒரு முறை போய்ப் பார்க்கலாம்.

இனிக் கணக்கு. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டு நிலையை வைத்தே எழுதினோம். அவள் சம்மதித்தாள், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா பூக்கட்டி விற்கிறார். படிப்பை நிறுத்திவிட்டுத் துணிக்கடையில் சேரலாம் என்று மாமா சொல்லியிருக்கிறார்.

அரசு பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுக்கும் சேர்த்துக் கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம் 15,000 ரூபாய் என்று வைத்தோம். புத்தகம், வரைபலகை, டிராஃப்டர், வரைதாள் 12,000. சீருடை, பணிமனைக்கான ஷூ 6,000. சாப்பாடு, பேருந்து 27,000. ஆக 60,000. (2021-ல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்திராவிட்டால் கடைசி வரி இன்னும் நீண்டிருக்கும்.) இவை நாங்கள் விசாரித்துப் போட்ட உத்தேசத் தொகைகளே. தனியார் கல்லூரி என்றால், விடுதியும் சேர்ந்தால், இது பல மடங்காகும்.

“இவ்வளவுதானே!” என்று நாங்கள் மகிழ்ந்தபோது சிஸ்டர் நோட்டைத் திருப்பித் தந்துவிட்டார். “பெரிய செலவை எழுதவில்லையே” என்றார். எங்களுக்குப் புரியவில்லை. தோழிக்குத்தான் முதலில் புரிந்தது. துணிக்கடைக்குப் போனால் மாதம் 7,000 ரூபாய் வந்திருக்குமே! படிக்கும் 36 மாதங்களும் அந்தப் பணம் வீட்டுக்கு வராது. 7,000 பெருக்கல் 36, 2,52,000 ரூபாய். எந்த ரசீதிலும் இல்லாத இந்தத் தொகைதான் படிப்பின் மிகப் பெரிய செலவு. வசதியுள்ள வீட்டில் யாரும் இதை நினைப்பதில்லை. பூக்கட்டும் வீட்டில் ஒவ்வொரு மாதமும் நினைப்பார்கள். மொத்தச் செலவு 3,12,000 ஆயிற்று.

வரவுப் பக்கத்துக்கு எங்கள் பள்ளியின் பழைய மாணவி ஓர் அக்காவைக் கேட்டோம். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறார். அவர் மூன்று செய்திகள் சொன்னார். படிப்பு முடிந்ததும் பெரும்பாலும் ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சி. டிப்ளமோ படித்தோருக்கு மாதம் குறைந்தது 8,000 ரூபாய் உதவித்தொகை என்று 2019-ல் திருத்திய விதி சொல்லிற்று. அடுத்தது, நேர்முகத் தேர்வில் சொல்லும் சம்பளமும் கையில் வரும் சம்பளமும் வேறு. அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 12 வருங்கால வைப்பு நிதிக்குப் போகும். விடுதி, உணவுப் பிடித்தம் தனி. (வைப்பு நிதி நஷ்டமன்று, நம் பெயரிலேயே இருக்கும் சேமிப்பு என்று சிஸ்டர் குறுக்கிட்டுச் சொன்னார்.) மூன்றாவது செய்தியைச் சொல்லும்போது அக்கா சிரித்தார். முதலாண்டில் அவருக்குக் கணக்கில் அரியர் விழுந்ததாம். பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருந்ததால், தமிழ் வழியில் படித்த அவருக்கு முதல் ஆறு மாதம் அகராதியே துணையாம். “அரியர் இருந்தால் வளாகத் தேர்வுக்குக் கூப்பிட மாட்டார்கள். அதையும் செலவில் எழுதுங்கள்” என்றார். எப்படி எழுதுவது என்று எங்களுக்குத் தெரியாததால் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் போட்டோம்.

பயிற்சி முடிந்தபின் கையில் 13,000 ரூபாய் என்று வைத்தோம். அதே நேரத்தில் துணிக்கடையில் சம்பளம் 8,000-க்கு உயர்ந்திருக்கும் என்றும் வைத்தோம். பயிற்சி ஆண்டில் இரண்டும் சமம். ஒரு லாபமும் இல்லை. அதன்பின் மாதம் 5,000 வித்தியாசம். 3,12,000-ஐ 5,000-ஆல் வகுத்தால் 62 மாதங்களுக்குச் சற்று மேல். பயிற்சி 12 மாதமும் சேர்த்தால் 74 மாதங்கள், அதாவது ஆறாண்டு இரண்டு மாதம். பதினெட்டு வயதில் படிப்பை முடிப்பவள் போட்ட பணத்தை எடுக்க இருபத்து நான்கு வயதாகும்!

இதைக் கேட்டதும் வகுப்பே அமைதியாகிவிட்டது. இருபத்து நான்கு வயதுக்குள் எங்களில் பலருக்குத் திருமணம் பேசிவிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். “அப்போ பணம் யாருக்குத் திரும்பும்?” என்று தோழி கேட்டாள். சிஸ்டரும் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “இருபத்து நான்குக்குப் பிறகும் அந்த 5,000 மாதாமாதம் வரும். வேலையை விடாதவரை வரும். எங்கே போனாலும் சான்றிதழ் கூட வரும். கடை கூட வராது” என்றார்.

கணக்கை மாற்றக்கூடியவை இன்னும் சில உண்டு. அரசுப் பள்ளி மாணவியருக்காக 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், மாதம் 1,000 ரூபாய் தருவது, 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. 36 மாதமும் கிடைத்தால் 36,000; மீளும் காலம் ஏழு மாதம் குறையும். ஆயினும் சேரும்போதுள்ள நிபந்தனையைக் கேட்டபிறகே மையால் எழுத வேண்டும் என்று அதைப் பென்சிலால் எழுதச் சொன்னார் சிஸ்டர். இரயில்வேயின் ஜூனியர் என்ஜினியர் பதவிக்கு டிப்ளமோ போதும். ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில் தொடக்கச் சம்பளம் 35,400. இதைப் பார்த்து ஒருத்தி துள்ளிக் குதித்தாள். எழுதாத தேர்வின் சம்பளத்தை வரவில் வைக்கக் கூடாது என்று அதற்குப் பென்சில்கூடக் கிடைக்கவில்லை!

பி.இ. ஆசை உள்ளவர்கள் பாலிடெக்னிக் போனால் காலம் வீணாகும் என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். அது தவறு. டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரலாம். மூன்றும் மூன்றும் ஆறு. பிளஸ் டூ வழியில் இரண்டும் நான்கும் ஆறு. ஆண்டுகள் ஒன்றே, ஆனால் முதல் வழியில் பாதியில் நிற்க நேர்ந்தாலும் கையில் ஒரு டிப்ளமோ இருக்கும். அதே சமயம் மருத்துவமோ வணிகமோ படிக்க விரும்புகிறவளுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. அவள் பிளஸ் டூவுக்குத்தான் போக வேண்டும். எங்கள் வகுப்பில் அப்படி முடிவு செய்தவர்களே அதிகம்.

பெற்றோர் கூட்டத்தன்று தோழியின் அம்மா வந்திருந்தார். சிஸ்டர் அந்தத் தாளை அவரிடம் கொடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார். 2,52,000 என்ற வரியில் அவர் நிறுத்தச் சொல்லி மறுபடியும் கேட்டார். ஒன்றும் பேசாமல் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து தோழி அதைத் திரும்பக் கொண்டுவந்தாள். செலவுப் பக்கத்தின் அடியில் பென்சிலால் கோணல் எழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: “ஆனி மாசம் சீட்டு எடுக்கணும், 20,000.”